நிலத்தில் அமர்ந்து எழ முடிகிறதா?

கையை எங்கும் ஊன்றாமல் நிலத்தில் சம்மணமிட்டு அமருங்கள். பிறகு கையையோ முழங்காலையோ ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். முடிந்ததா? முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளையாட்டு. உயர்தர மாணவிகளில் சிலருக்கு ஒரு கையாவது தேவைப்படும். நம் உம்மாமாருக்கு இரண்டு கையும் பக்கத்தில் ஒரு கதிரையும் வேண்டியிருக்கும். உம்மம்மாமாரில் பலர் நிலத்தில் அமர்வதையே விட்டு எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

பிரேசில் நாட்டு வைத்தியர் கிளாடியோ அராவுஜோவும் அவரது குழுவினரும் 51 முதல் 80 வயது வரையான 2002 பேரை இப்படி நிலத்தில் அமர்ந்து எழச் செய்து புள்ளி வழங்கினார்கள். அதன் முடிவு 2012 இல் வெளியானது. குறைந்த புள்ளி பெற்றவர்களிடையே அடுத்து வந்த வருடங்களில் இறப்பு அதிகமாக இருந்தது. நிலத்தில் அமர்ந்து எழுவதற்கு உடலின் பலம், சமநிலை, நெகிழ்வு ஆகிய மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். இவற்றில் பலத்தைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நெகிழ்வைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் பணமோ மைதானமோ கருவியோ இல்லாமல், வீட்டு அறைக்குள்ளேயே வளர்த்துக்கொள்ளக் கூடியது அதுதான்.

நெகிழ்வு என்றால் என்ன?

ஒரு மூட்டு நோவின்றி எவ்வளவு தூரம் அசையக்கூடியதோ அதுவே அம்மூட்டின் நெகிழ்வு. சர்க்கஸ்காரரைப் போல் உடலை வளைப்பதை இது குறிக்காது. தலைமுடியைப் பின்னால் பின்னிக்கொள்வது, பர்தாவின் பின்பக்கத்தைக் குத்துவது, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சாமான் எடுப்பது, வீதியைக் கடக்கும்போது கழுத்தைத் திருப்பி வாகனம் வருகிறதா என்று பார்ப்பது, ஆறு பேராகச் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது, ருகூஃவில் குனிவது, ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைப்பது ஆகிய எல்லாமே நெகிழ்வைக் கேட்கும் வேலைகள். இவை இலகுவாக நடக்கும்வரை நெகிழ்வு என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. குறைந்த பிறகுதான் தெரியவரும்.

உடல் ஏன் இறுகுகிறது?

உடல் தான் அடிக்கடி செய்வதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். நம் மாணவி ஒருத்தியின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை வாங்கு. பிறகு பஸ் ஆசனம். மாத்தளையிலோ கண்டியிலோ பிரத்தியேக வகுப்பு. இரவில் மேசைக்கு முன் படிப்பு. இடைவேளையில் கைத்தொலைபேசி. இடம் மாறுகிறதே தவிர, உடல் இருக்கும் விதம் மாறுவதில்லை. இடுப்பும் முழங்காலும் மடிந்திருக்கும், முதுகு கூனியிருக்கும், தோள்கள் முன்னால் சரிந்திருக்கும், கழுத்து குனிந்திருக்கும். தரம் 9 வரை நேரசூசியில் எல்லோருக்கும் இருந்த சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தையும் அதன் பிறகு பலர் விட்டுவிடுகிறோம். வளர்ந்த பெண்பிள்ளைகள் என்பதால் மாலையில் வெளியே ஓடி விளையாடுவதும் நின்றுவிடுகிறது.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினையல்ல. 1954 இல் ஹான்ஸ் கிராஸ் என்ற வைத்தியரும் ரூத் ஹிர்ஷ்லாண்ட் என்ற பெண்மணியும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆறு எளிய உடற்சோதனைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து விரல் நுனியால் நிலத்தைத் தொடுவது. ஒரு சோதனையிலாவது தவறிய பிள்ளைகள் அமெரிக்காவில் பாதிக்கும் அதிகம், ஐரோப்பாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வசதி கூடிய நாட்டின் பிள்ளைகளே பின்தங்கியிருந்தார்கள். வாகனமும் தொலைக்காட்சியும் நிறைந்த, நடை குறைந்த வாழ்க்கையே காரணம் என்று பேசப்பட்டது. ஜனாதிபதி ஐசனோவர் 1956 இல் இளையோரின் உடற்தகைமைக்கென ஒரு சபையையே அமைத்தார். அன்று அங்கே நடந்தது இன்று முச்சக்கர வண்டியும் கைத்தொலைபேசியுமாக நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது.

நம் ஊரின் பழைய வாழ்க்கையில் இதற்கு மருந்து தானாகவே இருந்தது. திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவுவார்கள். குந்தியிருந்து மிளகு காயவைப்பார்கள், கராம்பின் காம்பைக் கழிப்பார்கள். பாயில் படுத்து எழுவார்கள். நிலத்தில் இருந்து எழும் ஒவ்வொரு முறையும் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் தம் முழு எல்லைவரை அசைந்தன. இன்று கதிரை, கட்டில், எரிவாயு அடுப்பு எல்லாம் வந்துவிட்டன. அவை தேவைதான். ஆனால் அவை எடுத்துக்கொண்ட அசைவை நாம் வேறு வழியில் உடலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தடை எங்கே இருக்கிறது?

குனிந்து நிலத்தைத் தொட முயலும்போது ஓரிடத்தில் தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. "என் தசை கட்டையாக இருக்கிறது" என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அங்கே நரம்புகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

தசைக்குள் கதிர் வடிவான மிகச் சிறிய வாங்கிகள் உள்ளன. தசை திடீரென்று நீட்டப்பட்டால் இவை உடனே முண்ணாணுக்குச் செய்தி அனுப்பும். முண்ணாண் அதே தசையைச் சுருங்கச் செய்யும். தசை கிழிந்துவிடாமல் காக்கும் தெறிவினை இது. இதை விரிவாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சார்ள்ஸ் ஷெரிங்டன். நரம்புக்கலங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1932 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வெடுக்கென்று குதித்துக் குதித்துக் குனிபவர் தன் தசையைத் தானே இறுகச் செய்கிறார். மெதுவாக நீட்டி அப்படியே நின்றால் அந்த எதிர்ப்புத் தணிந்துவிடும்.

சில வாரங்கள் பயிற்சி செய்தவர் முன்பைவிடக் கூடுதலாகக் குனிகிறார். அப்படியென்றால் தசை நீண்டுவிட்டதா? 2010 இல் வெப்லர், மக்னுசன் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு விளக்கம் தந்தார்கள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு முக்கிய காரணம், நீட்சியை நரம்புத் தொகுதி தாங்கப் பழகிக்கொள்வதுதான் என்பது அவர்களது முடிவு. "இது ஆபத்தில்லை" என்று உடல் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தொடங்குபவர் செய்ய வேண்டியது உடலின் நம்பிக்கையைப் பெறுவது. நோக நோக இழுத்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

எவ்வளவு நேரம் போதும்?

அமெரிக்காவில் பாண்டி, இரியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994 இல் இதைச் சோதித்தார்கள். தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருந்தவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு 15 செக்கன், ஒரு குழுவுக்கு 30 செக்கன், இன்னொரு குழுவுக்கு 60 செக்கன் என நீட்சி கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரங்கள். 30 செக்கன் பிடித்தவர்கள் 15 செக்கன்காரரைவிட நன்கு முன்னேறினார்கள். 60 செக்கன் பிடித்தவர்களுக்கு அதைவிட மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. 1997 இல் செய்த அடுத்த ஆய்வில், நாளுக்கு ஒருமுறை செய்தவர்களும் மூன்றுமுறை செய்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் பெற்றார்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கும் அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கும் இது நல்ல செய்தி. ஒரு தசைக்கு 30 செக்கன், நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் ஐந்து நாள் போதும். ஒரே நாளில் ஒரு மணித்தியாலம் செய்துவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவதில் பயனில்லை.

தொடங்கும் முன்

முதலில் உடல் சூடாக வேண்டும். நம் மலைப்பகுதியில் அதிகாலைக் குளிரில் தசைகள் இன்னும் இறுகியிருக்கும். மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, கைகளைச் சுழற்றுங்கள். வீடு கூட்டி முடித்த கையோடு செய்தாலும் சரி. அந்த வேலையே உடலைச் சூடாக்கிவிடும்.

தளர்ந்த உடை உடுத்துங்கள். வழுக்காத பாயோ விரிப்போ இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். மூச்சை அடக்க வேண்டாம். மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். "இழுக்கிறது" என்று தோன்றும் இடத்தில் நின்றுவிட வேண்டும். "நோகிறது" என்று தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். பேச முடியாத அளவுக்குப் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

ஏழு பயிற்சிகள்

1. கழுத்து: நிமிர்ந்து அமருங்கள். வலது காதை வலது தோளை நோக்கிச் சாயுங்கள். தோளை மேலே தூக்காதீர்கள். 30 செக்கன். பிறகு மறுபக்கம். கையால் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தலையின் பாரமே போதும்.

2. நெஞ்சும் தோளும்: கதவு நிலையில் நின்று, முழங்கைகளைத் தோள் உயரத்தில் மடித்து, முன்கைகளை இருபக்க நிலையிலும் வையுங்கள். ஒரு காலை முன்வைத்து மெதுவாக முன்னே சாயுங்கள். நெஞ்சின் முன்பக்கம் விரியும். புத்தகத்தின் மேல் கூனியிருப்பதற்கு நேர் எதிரான அசைவு இது. 30 செக்கன்.

3. முதுகு: முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றுங்கள். மூச்சை விடும்போது பூனையைப் போல் முதுகை மேலே வளையுங்கள். மூச்சை எடுக்கும்போது மெதுவாகக் கீழே தளர்த்துங்கள். பத்து முறை. இதில் பிடித்து நிற்கத் தேவையில்லை.

4. இடுப்பின் முன்பக்கம்: ஒரு முழங்காலைத் தலையணையின் மேல் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னால் வையுங்கள். முதுகை நிமிர்த்தியபடி இடுப்பைச் சற்று முன்னே தள்ளுங்கள். ஊன்றிய காலின் தொடை மேற்பகுதியில் இழுப்புத் தெரியும். பக்கத்துக்கு 30 செக்கன். நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்கள் விட்டுவிடக் கூடாத பயிற்சி இது.

5. தொடையின் பின்பக்கம்: மல்லாந்து படுங்கள். ஒரு பழைய துவாயையோ சால்வையையோ ஒரு பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் கைகளால் பிடியுங்கள். அந்தக் காலை மெதுவாக மேலே உயர்த்துங்கள். முழங்கால் சற்று மடிந்தால் பரவாயில்லை. மற்றக் கால் நிலத்தில் இருக்கட்டும். பக்கத்துக்கு 30 செக்கன். நின்றபடி குனிந்து நிலத்தைத் தொடுவதைவிட இதில் முதுகுக்குப் பாதுகாப்பு அதிகம். ஆகவே தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது.

6. கெண்டைக்கால்: சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலை நிலத்தில் அழுத்துங்கள். முன் முழங்காலை மடக்கிச் சாயுங்கள். பக்கத்துக்கு 30 செக்கன். குந்தியிருக்கும்போது குதிகால் மேலெழும்புபவர்களுக்கு இது மிகவும் உதவும்.

7. தொடையின் உட்பக்கம்: சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, இரு உள்ளங்கால்களையும் ஒன்றோடொன்று சேருங்கள். முழங்கால்கள் தாமாகக் கீழே தாழட்டும். கையால் அழுத்தவோ பறவை சிறகடிப்பதுபோல் ஆட்டவோ வேண்டாம். 30 செக்கன்.

இவை அனைத்துக்கும் ஆறு நிமிடம் ஆகும். முதலில் செய்யும் மூன்று நிமிட அசைவையும் இடம்மாறும் நேரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முன்னேற்றத்தை அளப்போம்

வெல்ஸ், டில்லன் என்ற இருவர் 1952 இல் அறிமுகப்படுத்திய இருந்து எட்டும் சோதனை இன்றும் பல நாட்டுப் பாடசாலைகளில் பயன்படுகிறது. அதை வீட்டிலும் செய்யலாம். காலணியின்றிக் கால்களை நீட்டி, உள்ளங்கால்களைச் சுவரில் பதித்து அமருங்கள். முழங்காலை மடக்காமல் மெதுவாக முன்னே எட்டுங்கள். விரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்ரிமீற்றர் என்று அடிமட்டத்தால் அளந்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். இரு வாரங்களுக்கு ஒருமுறை, நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் உடல் இறுகியும் மாலையில் தளர்ந்தும் இருப்பதால், நேரம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

உங்கள் அளவைத் தோழியின் அளவோடு ஒப்பிடாதீர்கள். கையின் நீளமும் காலின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மூட்டின் அமைப்பும் அப்படியே. போன மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிடுங்கள்.

சில பிழையான எண்ணங்கள்

"நோவில்லாமல் பயனில்லை" என்பார்கள். நெகிழ்வு விடயத்தில் இது முற்றிலும் பிழை. காரணத்தை மேலே பார்த்தோம்.

"நீட்சி செய்தால் மறுநாள் தசை நோகாது" என்பது இன்னொரு எண்ணம். 2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு, விளையாட்டுக்கு முன்னோ பின்னோ செய்யும் நீட்சி மறுநாள் தசைநோவைச் சொல்லும்படியாகக் குறைப்பதில்லை என்று காட்டியது.

"இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுவதற்குச் சற்று முன் நன்றாக இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும்" என்பதும் சரியல்ல. நீண்ட நேரம் நீட்டிப் பிடித்த தசையின் வேகமும் பலமும் சிறிது நேரத்துக்குக் குறையலாம். ஓட்டத்துக்கு முன் மெல்லோட்டமும் கால் வீசலும் நல்லது. நீட்டிப் பிடிக்கும் பயிற்சியைப் பின்னர் செய்யலாம்.

நீட்சிப் பயிற்சி மட்டும் செய்து உடல் எடை குறையாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையானோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமாக வரும்படி இயங்க வேண்டும் என்று 2020 இல் வலியுறுத்தியது. அந்த இயக்கத்துக்கு நெகிழ்வு துணையாகும். அதன் இடத்தை நெகிழ்வால் பிடிக்க முடியாது.

தொழுகையும் நம் உடலும்

தொழுகை ஓர் இபாதத். அதை உடற்பயிற்சியாக எண்ணிச் செய்வது முறையல்ல. ஆயினும் அந்த இபாதத்தை நின்று, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து, கால்களை மடித்து அமர்ந்து நிறைவேற்ற உடல் ஒத்துழைக்க வேண்டும். ருகூஃவில் தொடையின் பின்பக்கமும், ஸுஜூதில் கால் விரல்களும் கணுக்காலும், இருப்பில் முழங்காலும் முழுமையாக மடிய வேண்டியிருக்கின்றன. முடியாதவர்களுக்குக் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அது அல்லாஹ்வின் கருணை. நோயாலும் வயதாலும் கதிரைக்குச் சென்றவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இளமையில் அசையாமல் இருந்து, காலத்துக்கு முன்பே அந்தக் கதிரைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம் அல்லவா?

நோன்பு காலத்தில் இப்பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. நோன்பு திறந்து சிறிது நேரம் கழித்தோ, தராவீஹுக்குப் பிறகோ மெதுவாகச் செய்யலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

முதுகு நோவோடு காலில் விறைப்போ மரத்துப்போதலோ இருப்பவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டுத் தொடங்க வேண்டும். பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை மேலும் நீட்சியல்ல, தசைப் பலம். பயிற்சியின்போது கூர்மையான நோவு, மூட்டுக்குள் குத்தல், தலைசுற்று ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

படிக்கும் பிள்ளை மேசையை விட்டு எழுந்தால் நேரம் வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நடக்கும் பிள்ளை, கழுத்து நோவோடு மூன்று மணித்தியாலம் குனிந்திருக்கும் பிள்ளையைவிடத் தெளிவாகப் படிக்கும். மைதானம் நம் பெண்பிள்ளைகளில் பலருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வீட்டின் ஓர் அறையையாவது, பன்னிரண்டு நிமிடத்துக்குக் கதவைச் சாத்தி அவர்களுக்குக் கொடுங்கள். இன்னும் நல்ல வழி, உம்மாவும் சேர்ந்து பாயை விரிப்பது. தங்கைக்கு விளையாட்டாக இருக்கும், தாத்தாவுக்குப் படிப்பின் களைப்புத் தீரும், உம்மாவுக்கு இடுப்பு நோவு குறையலாம். உம்மம்மாவும் கதிரையில் அமர்ந்தபடியே கழுத்தையும் தோளையும் அசைக்கலாம்.

இன்று இரவு ஒரு பயிற்சி மட்டும் செய்து பாருங்கள். நாளை இரண்டாவதைச் சேருங்கள். ஒரு வாரத்தில் ஏழும் பழகிவிடும். ஆறு வாரம் கழித்துச் சுவருக்கும் விரலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்த்து, அந்தக் கொப்பியை உம்மாவிடம் காட்டுங்கள்.